ஸ்டார்ட்அப்பில் சேரப்போகும் பெண்ணுக்கு: எதை எழுத்தில் வாங்குவது, எதை எழுத மறுப்பது

நான் சேர்ந்த முதல் ஸ்டார்ட்அப், பெருங்குடியில் ஒரு மருந்துக்கடைக்கு மேலே இரண்டாவது மாடியில் இருந்தது. என்னையும் சேர்த்து 14 பேர். அவர்களில் பெண்கள் இருவர். முதல் நாள் நிறுவனர் கைகுலுக்கி, "இங்க சார், மேடம் எதுவும் கிடையாது, பேர் சொல்லியே கூப்பிடுங்க, நாம எல்லாரும் ஒரே ஃபேமிலி" என்றார். எனக்கு அது பிடித்திருந்தது. வெள்ளிக்கிழமை எல்லாரும் சேர்ந்து வரவழைத்துச் சாப்பிட்ட பிரியாணியின் காலி டப்பாக்களை எடுத்துப்போட்டு மேசையைத் துடைத்தவர்கள் நாங்கள் இரண்டு பேர் மட்டுமே என்பதைக் கவனித்தபோதுதான், அவர் சொன்னது எந்த மாதிரிக் குடும்பம் என்று விளங்கியது.

அங்கே இரண்டு ஆண்டுகளும், பிறகு தரமணியில் வேறொரு நிறுவனத்தில் இரண்டரை ஆண்டுகளும் டெவலப்பராக வேலை பார்த்த அனுபவத்திலிருந்து இந்தக் குறிப்புகளை எழுதுகிறேன். ஸ்டார்ட்அப் கூடாது என்று சொல்ல நான் வரவில்லை, பெரிய ஐ.டி. நிறுவனத்தில் ஐந்து ஆண்டுகளில் கைக்கு வராத பொறுப்பு இங்கே ஐந்து மாதத்தில் வரும். ஆனால் பெரிய நிறுவனத்தில் தாளில் இருக்கிற பல விஷயங்கள் இங்கே வாய்ப்பேச்சிலேயே நடக்கின்றன. யாருக்கு எந்த வேலை, எவ்வளவு பங்கு, இரவில் எப்படி வீடு திரும்புவது, தவறு நடந்தால் யாரிடம் சொல்வது எல்லாமே "பாத்துக்கலாம்" என்ற ஒரே சொல்லில் அடங்கிவிடும். பேச்சு நடக்கும் இடத்தில் இருப்பவர்களுக்கு அது போதும். அந்த இடத்தில் பெரும்பாலும் இல்லாத பெண்ணுக்குப் போதாது.

நேர்காணலிலேயே கேட்க வேண்டியவை

நிறுவனத்தைப் பற்றி அவர்கள் சொல்வதை மட்டும் நம்ப வேண்டியதில்லை. பிரைவேட் லிமிடெட் நிறுவனம் ஒவ்வொன்றும் மத்திய கம்பெனி விவகார அமைச்சகத்திடம் ஆண்டுக் கணக்கைத் தாக்கல் செய்ய வேண்டும். அந்த ஆவணங்களை 100 ரூபாய் கட்டணத்தில் யார் வேண்டுமானாலும் அமைச்சகத்தின் தளத்தில் பார்க்கலாம். கடந்த ஆண்டு எவ்வளவு வருமானம், எவ்வளவு நஷ்டம், கடைசியாக எப்போது பங்கு ஒதுக்கினார்கள், இயக்குநர்கள் யார் என்பதெல்லாம் அங்கே கிடைக்கும். ஒரு சினிமா டிக்கெட்டை விடக் குறைந்த செலவில், உங்கள் அடுத்த இரண்டு ஆண்டுகளை எங்கே வைக்கப்போகிறீர்கள் என்று பார்த்துக்கொள்ளலாம்.

அடுத்தது ரன்வே. வங்கியில் இருக்கும் பணத்தை மாதா மாதம் கரையும் பணத்தால் வகுத்தால் வருவது அது. கையில் 6 கோடி, மாதம் நிகரச் செலவு 50 லட்சம் என்றால் 12 மாதம். "இப்போது எத்தனை மாதத்துக்கு ரன்வே இருக்கிறது?" என்று நேர்காணலின் கடைசியில், உங்களுக்கு ஏதாவது கேள்வி உண்டா என்று அவர்கள் கேட்கும்போது, நிதானமாகக் கேளுங்கள். நல்ல நிறுவனர் ஓர் எண்ணைச் சொல்வார். சுற்றி வளைப்பவரிடமிருந்தும் ஒரு பதில் கிடைத்துவிட்டது என்றே கொள்ளலாம்.

மூன்றாவது, அங்கே வேலை பார்த்து விலகிய ஒரு பெண்ணைக் கண்டுபிடித்துப் பேசுவது. இப்போது வேலை பார்ப்பவர் தயங்குவார். விலகியவர் பத்து நிமிடத்தில் எல்லாவற்றையும் சொல்லிவிடுவார். லிங்க்ட்இன்னில் தேடினால் கிடைப்பார்கள். பெண்கள் யாருமே விலகவில்லை என்றால், பெண்கள் யாராவது சேர்ந்தார்களா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

திருமணம் எப்போது என்ற கேள்வி இன்றும் வருகிறது. சில நேரம் நேரடியாக, சில நேரம் "வீட்ல மாப்பிள்ளை பாக்குறாங்களா?" என்ற அக்கறையின் வேடத்தில் வரும். அதற்குக் கோபப்பட்டால் வேலை போகும், சிரித்து மழுப்பினால் நமக்கே பிறகு கசக்கும். நான் கடைப்பிடித்த வழி ஒன்று உண்டு. "இந்த வேலையில் எந்தத் தேவையை நினைத்துக் கேட்கிறீர்கள் என்று சொன்னால் அதற்குப் பதில் சொல்கிறேன்" என்பேன். பயணம் அதிகமா, இரவு வேலை உண்டா, இரண்டு ஆண்டாவது இருக்க வேண்டுமா என்று அவர்கள் உண்மையான கேள்விக்கு வந்துவிடுவார்கள். வராதவர்களிடம் நான் சேர்ந்ததில்லை.

ஆஃபர் லெட்டரைப் பென்சிலோடு படிப்பது

அதில் கொட்டை எழுத்தில் இருக்கும் சி.டி.சி. தொகை, அதாவது உங்களுக்காக நிறுவனம் செய்யும் மொத்தச் செலவு, உங்கள் சம்பளம் அன்று. நிறுவனம் கட்டும் பி.எஃப். பங்கு, மருத்துவக் காப்பீட்டுத் தொகை, "செயல்திறனைப் பொறுத்து" வரப்போகும் ஊக்கத்தொகை எல்லாம் அதற்குள் இருக்கும். கிராஜுவிட்டி என்ற பணிக்கொடையும் இருக்கும், நிரந்தரப் பணியில் 5 ஆண்டுகள் தொடர்ந்து இருந்தால்தான் அது கைக்கு வரும், ஸ்டார்ட்அப்பில் அவ்வளவு காலம் இருப்பவர்கள் அரிது. ஒவ்வொன்றாகப் பென்சிலால் அடித்துவிட்டு, மாதம் வங்கிக் கணக்கில் விழப்போவது எவ்வளவு என்று எழுதிப் பாருங்கள். அதை வைத்துத்தான் பேரம் பேச வேண்டும். பேசும்போது உங்கள் எண்ணைச் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்வது முக்கியம். "ஆனா கொஞ்சம் குறைஞ்சாலும் பரவாயில்லை" என்ற வாக்கியம் நம் நாக்கு நுனியிலேயே உட்கார்ந்திருக்கும்.

சம்பளத்தைக் குறைத்து ஈசாப் (ESOP, ஊழியர்களுக்கான பங்குத் திட்டம்) தருகிறோம் என்று சொல்லும்போது கதை ஒன்றும் கூடவே வரும். சென்னையில் அது எப்போதும் ஃப்ரெஷ்வொர்க்ஸ் கதைதான். 2021 செப்டம்பரில் அந்த மென்பொருள் நிறுவனம் அமெரிக்கப் பங்குச் சந்தையான நாஸ்டாக்கில் பட்டியலிடப்பட்டபோது, ஊழியர்களில் 500க்கும் மேற்பட்டோர் கோடீஸ்வரர்கள் ஆனார்கள் என்று அதன் நிறுவனர் கிரீஷ் மாத்ருபூதம் சொன்னார். உண்மையான கதை, பெருமைப்பட வேண்டிய கதையும்கூட. 2010இல் தொடங்கிய நிறுவனம் அந்த நாளை அடைய 11 ஆண்டுகள் ஆயின என்ற பகுதியை மட்டும் ஹெச்.ஆர். சொல்ல மாட்டார்.

ஈசாப் என்பது பங்கு அன்று. பின்னால் ஒரு நாள் குறித்த விலைக்குப் பங்கை வாங்கிக்கொள்ளும் உரிமை. எனக்குப் புரிந்த விதத்தில் ஒரு கணக்கைப் போட்டுக் காட்டுகிறேன். "8 லட்சம் மதிப்புள்ள ஈசாப்" என்கிறார்கள். அதாவது 1,000 ஆப்ஷன் (ஒரு பங்கை வாங்கும் உரிமை ஓர் ஆப்ஷன்), பங்கின் இப்போதைய மதிப்பு 800 ரூபாய், நீங்கள் கொடுக்க வேண்டிய விலை பங்குக்கு 10 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். இது நான்கு ஆண்டுகளில் உங்களுக்குச் சேரும். முதல் ஆண்டு முடியும் வரை ஒன்றும் கிடையாது. அதைத்தான் கிளிஃப் என்கிறார்கள், நம் நாட்டுக் கம்பெனிச் சட்ட விதிப்படியும் குறைந்தது ஓராண்டு இடைவெளி இருக்க வேண்டும். ஓராண்டு முடிந்ததும் 250 சேரும், மீதி மாதந்தோறும் சேர்ந்துகொண்டு வரும். ஒன்றரை ஆண்டில் நீங்கள் விலகினால் உங்களிடம் இருப்பது 375.

இப்போது அந்த 375ஐயும் வாங்கிக்கொள்ள 3,750 ரூபாய்தானே என்று தோன்றும். சிக்கல் வருமான வரியில் இருக்கிறது. 800 மதிப்புள்ளதை 10க்கு வாங்கியதால் பங்குக்கு 790 வீதம் 2,96,250 ரூபாய் உங்கள் அந்த ஆண்டுச் சம்பளத்தோடு கூட்டப்படும். நீங்கள் 20 சதவீத வரம்பில் இருந்தால் 59,250 ரூபாய் வரி; அதன் மேல் செஸ் என்ற கூடுதல் வரி தனி. அங்கீகாரமும் சான்றிதழும் பெற்ற சில ஸ்டார்ட்அப்களுக்கு இந்த வரியைத் தள்ளிப்போடும் சலுகை உண்டு, ஆனால் வேலையை விட்டால் அதுவும் முடிந்துவிடும். ஆக, சந்தையில் விற்க முடியாத ஒரு தாளுக்காக, வேலையை விட்ட மாதத்தில், 60,000 ரூபாய்க்கு மேல் எடுத்து வைக்க வேண்டும். பல நிறுவனங்களில் இந்த முடிவை எடுக்க விலகிய நாளிலிருந்து 90 நாள்தான் அவகாசம். என் தோழி ஒருத்திக்கு அந்த 90 நாளும் அப்பாவின் ஆஸ்பத்திரி வராந்தாவில் போயிற்று, ஆப்ஷன்கள் காலாவதியாயின.

இன்னொன்றையும் யாரும் சொல்ல மாட்டார்கள். நிறுவனம் விலைபோனால் முதலீட்டாளர்கள் போட்ட பணத்தை முதலில் எடுத்துக்கொள்வார்கள் என்று அவர்களுடைய ஒப்பந்தத்தில் பெரும்பாலும் இருக்கும். 40 கோடி முதலீடு வாங்கிய நிறுவனம் 35 கோடிக்கு விலைபோனால் "நிறுவனம் விற்பனையானது" என்று கேக் வெட்டுவார்கள், உங்கள் 375க்கு எதுவும் மிஞ்சாது.

எனவே கேட்க வேண்டியவை இவை: நிறுவனத்தின் மொத்தப் பங்குகள் எத்தனை, அதில் என்னுடையது எத்தனை சதவீதம், வாங்கும் விலை என்ன, விலகிய பின் அவகாசம் எவ்வளவு, இதுவரை ஊழியர்களிடமிருந்து பங்கைத் திரும்ப வாங்கியது உண்டா. பதில்கள் மின்னஞ்சலில் வர வேண்டும். உங்களுக்கு இத்தனை ஆப்ஷன் ஒதுக்கினோம் என்று சொல்லும் கிராண்ட் லெட்டர் என்ற தனித் தாள் கைக்கு வர வேண்டும். அது வரும் வரை ஈசாப்பின் மதிப்பைப் பூஜ்யம் என்று வைத்துக்கொண்டு, கைக்கு வரும் சம்பளத்தில் வாழ முடியுமா என்று பாருங்கள்.

பேறுகால விடுப்பு பற்றிய வரி ஆஃபர் லெட்டரில் இல்லாமல் போனாலும் கவலை வேண்டாம், சட்டத்தில் இருக்கிறது. பிரசவ நாளுக்கு முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை பார்த்திருந்தால் முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் சம்பளத்துடன் விடுப்பு. "நாங்க சின்ன கம்பெனி" என்பது 10 பேரோ அதற்கு மேலோ உள்ள இடத்தில் செல்லாது.

டீக்கடையும் மினிட்ஸும்

சேர்ந்த பிறகு நான் முதலில் தடுமாறியது கோடிங்கில் இல்லை, டீக்கடையில். காலை பத்தரைக்கு ஸ்டாண்ட்அப் என்ற தினசரிச் சிறு மீட்டிங்கில் "இதை எப்படிச் செய்வது என்று யோசிப்போம்" என்று முடியும் விஷயம், மாலை நான்கரைக்கு எல்லாருக்கும் முடிவாகத் தெரிந்திருக்கும். எனக்கு மட்டும் தெரிந்திருக்காது. பிறகுதான் கண்டுபிடித்தேன், பையன்கள் தம் அடிக்கக் கீழே போகும்போது அங்கே முடிவாகிவிடுகிறது. யாரும் சதி செய்யவில்லை. "வாடா, டீ சாப்பிட்டு வரலாம்" என்று ஒருவன் எழும்போது அந்த "டா"வுக்குள் நான் இல்லை, அவ்வளவுதான்.

இதற்கு இரண்டு வழியையும் செய்து பார்த்தேன். நானும் கீழே போய் நின்றேன். ஒரு வாரம் பேச்சு கொஞ்சம் தயங்கியது, பிறகு பழகிவிட்டது. புகை பிடிக்காதவர்கள் பிடிப்பவர்களைவிட அங்கே அதிகம் என்பதும் தெரிந்தது. ஆனால் தினமும் போக முடியாது, போக வேண்டிய கட்டாயமும் இருக்கக் கூடாது. அதனால் நிலைத்தது இரண்டாவது வழிதான். மேலே வந்ததும் யாரிடமாவது என்ன பேசினீர்கள் என்று கேட்டு, அதை நானே, குழு பேசிக்கொள்ளும் ஸ்லாக் செயலியின் சேனலில் எழுதுவேன்: "ரிப்போர்ட் பக்கத்தை அடுத்த ரிலீஸுக்குத் தள்ளிவைப்பதாக இன்று பேசியதாகத் தெரிகிறது. எனக்கு ஓர் ஐயம் உண்டு, பழைய வாடிக்கையாளர் மூவருக்கு இந்த மாதமே அது தேவை. மாற்றுக் கருத்து இருந்தால் ஆறு மணிக்குள் சொல்லுங்கள், இல்லையென்றால் இந்த வாரமே முடிக்கிறேன்." இரண்டு மாதத்தில் டீக்கடை முடிவுகளுக்கு மேலே ஒரு மாடி முளைத்துவிட்டது, சேனலில் எழுதப்படாதது முடிவாகவில்லை என்று எல்லாருமே பேசத் தொடங்கினார்கள்.

இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். எழுதுவது நல்லது என்றேன். ஆனால் மினிட்ஸ், அதாவது கூட்டத்தில் பேசியதன் குறிப்பு, எழுதுவது வேறு. மீட்டிங் தொடங்கும்போது "நீங்க நோட்ஸ் எடுத்துக்குறீங்களா, உங்க ஹேண்ட்ரைட்டிங் நல்லா இருக்கும்" என்று ஒருவர் சொல்வார், லேப்டாப்பில் தட்டச்சு செய்வதற்குக் கையெழுத்து எதற்கு என்று யாரும் கேட்க மாட்டார்கள். மற்றவர்கள் பேசுவதை ஓடி ஓடிப் பதிவு செய்பவர் பேச முடியாது. அதே பட்டியலில் பிறந்தநாள் கேக், பொங்கல் கோலம், புதிதாகச் சேர்ந்தவருக்கு ஹாஸ்டல் பார்த்துக் கொடுப்பது, அழுதுகொண்டிருக்கும் ஜூனியரிடம் போய்ப் பேசுவது எல்லாம் சேரும். இவை தேவையற்ற வேலைகள் என்று நான் நினைக்கவில்லை. அப்ரைசல் என்ற ஆண்டு மதிப்பீட்டில் ஒரு வரிகூட இடம் பெறாத வேலைகள், அவ்வளவே.

மறுக்கும்போது காரணம் சொல்லாதீர்கள். காரணத்துக்குப் பதில் காரணம் வரும். முறை வையுங்கள். "போன வாரம் நான் எழுதினேன், இந்த வாரம் கார்த்திக், அடுத்த வாரம் நீங்க, பேர் வரிசைப்படி போவோம்" என்று சிரித்துக்கொண்டே சொன்னால் பெரும்பாலான இடங்களில் நடக்கும், எங்கள் இடத்தில் நடந்தது. கோலம் மட்டும் நான் விரும்பிப் போட்டேன். அதையும் வேலை நேரத்தில் போட்டேன்.

பிடித்துக்கொள்ள வேண்டிய எழுத்து எது என்பதை ஒரு சனிக்கிழமை இரவு கற்றேன். பணம் செலுத்தும் பக்கத்தில் வங்கியிடமிருந்து பதில் வரத் தாமதமானதும், எங்கள் சர்வர் அதே கோரிக்கையை மறுபடி அனுப்பிக்கொண்டிருந்தது. சில வாடிக்கையாளர்களுக்கு இரண்டு முறை பணம் பிடிக்கப்பட்டுவிட்டது. அவசரம் என்றால் எழுந்து பார்க்க வேண்டிய ஆன்கால் முறை அன்று என்னுடையது இல்லை. முறைக்காரர் திருமண வீட்டில் இருந்ததால், ஹாஸ்டல் மாடிப்படியில் உட்கார்ந்து நான்தான் பார்த்தேன். ஒவ்வொரு கோரிக்கைக்கும் தனி எண் கொடுத்து, அதே எண் மறுபடி வந்தால் ஏற்காதபடி மாற்றி, வாடிக்கையாளர் பயன்படுத்தும் அமைப்பான புரொடக்‌ஷனில் ஏற்றியபோது மணி 2.10. திங்கட்கிழமை நிறுவனர் எல்லாரையும் கூட்டி, "நம்ம பசங்க ராத்திரி முழுக்க முழிச்சு சரி பண்ணிட்டாங்க" என்றார். கைதட்டல் எழுந்தது. எல்லாரும் முறைக்காரரைப் பார்த்தார்கள், அவரும் பாவம், நெளிந்தார்.

"பசங்க" என்ற சொல்லில் பெண்ணும் அடங்குவாள் என்று அகராதி சொல்லலாம். அப்ரைசலில் அடங்குவதில்லை. அடுத்த முறையிலிருந்து, எது உடைந்தாலும், சரிசெய்து முடித்த கையோடு, தூங்கப் போகும் முன்பே, அரைப் பக்கம் எழுதி அனுப்பிவிடுவேன்: எத்தனை மணிக்குத் தெரிந்தது, காரணம் என்ன, யார் என்ன செய்தோம், எத்தனை வாடிக்கையாளருக்குப் பாதிப்பு, மறுபடி நடக்காதிருக்க என்ன செய்ய வேண்டும். மற்றவர் செய்த உதவியைப் பெயரிட்டு எழுதுவேன்; என்னுடையதை "நான்" என்றே எழுதுவேன், "சரிசெய்யப்பட்டது" என்று எழுத மாட்டேன். செய்தவர் யார் என்பதைச் செயப்பாட்டு வினை விழுங்கிவிடும். ஆண்டு இறுதியில் என் மேலாளர் மதிப்பீட்டை எழுத உட்கார்ந்தபோது அவர் முன்னால் என்னுடைய ஒன்பது அறிக்கைகள் இருந்தன.

இரவு வீடு திரும்புவது

பெண்கள் விடுதியின் கேட் பத்து மணிக்கு மூடும், டெப்லாய், அதாவது புதிய கோடிங்கை ஏற்றும் வேலை, பதினொன்றுக்குத் தொடங்கும். இந்த முரண்பாட்டை நீங்களே சமாளிக்க வேண்டும் என்று எல்லாரும் எதிர்பார்ப்பார்கள். நிறுவனத்தின் லெட்டர்ஹெட்டில், இவர் இன்ன வேலையில் இருக்கிறார், சில நாள் தாமதமாகும் என்று ஒரு கடிதம் வாங்கி வார்டனிடம் கொடுத்தால் பாதிப் பிரச்சினை தீரும். எங்கள் வார்டன் அக்கா அதைப் பிரேம் போடாத குறையாக நோட்டுக்குள் வைத்துக்கொண்டார்.

வண்டிக்கு, "ஓலா புக் பண்ணிட்டு பில் போடுங்க" என்பதை ஏற்காதீர்கள். மாதக் கடைசியில் கையில் காசில்லாமல், பழைய மகாபலிபுரம் சாலையில் இரவு பன்னிரண்டுக்கு, விலை இறங்கட்டும் என்று போனைப் பார்த்துக்கொண்டு நிற்கும் பெண்களை நான் பார்த்திருக்கிறேன், நானும் நின்றிருக்கிறேன். நிறுவனக் கணக்கில் வண்டி பதிவாக வேண்டும், இத்தனை மணிக்கு மேல் வண்டி உண்டு என்று ஒரு வரி எழுத்தில் இருக்க வேண்டும், நீங்கள் வீடு சேர்ந்ததை உறுதிசெய்யும் ஒருவர் இருக்க வேண்டும்.

புகார் என்று வந்தால்

இதை அவசியம் நேரும் நாளில் படிக்காமல் இப்போதே படித்து வைத்துக்கொள்வது நல்லது, அன்றைக்கு எழுத்து கண்ணில் நிற்காது.

பணியிடத்தில் பெண்களுக்கு எதிரான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் சட்டம் 2013ஆம் ஆண்டினது; 1997இல் உச்ச நீதிமன்றம் கொடுத்த விசாகா வழிகாட்டுதல்களிலிருந்து வந்தது. 10 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் எந்த இடத்திலும் உள் புகார்க் குழு இருக்க வேண்டும். தலைவர் மூத்த பெண் ஊழியராக இருக்க வேண்டும், பாதிப் பேராவது பெண்களாக இருக்க வேண்டும், வெளியிலிருந்து ஒரு தொண்டு நிறுவன உறுப்பினர் இருக்க வேண்டும். சேர்ந்த முதல் வாரத்திலேயே, மற்ற ஆவணங்களைக் கேட்கும் அதே குரலில், குழு உறுப்பினர் பட்டியலைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஸ்டார்ட்அப்களில் பல நேரம் அந்தப் பட்டியல் நீங்கள் கேட்ட பிறகுதான் தயாராகும். அதுவும் நல்லதுதான்.

பலருக்குத் தெரியாத ஒன்று உண்டு. புகார் நிறுவனர் மீதே என்றால், அவர் சம்பளம் கொடுக்கும் குழுவிடம் போக வேண்டியதில்லை. 10 பேருக்குக் குறைவான இடங்களுக்கும், முதலாளி மீதான புகார்களுக்கும் மாவட்ட அளவில் உள்ளூர்க் குழு இருக்கிறது. பணியிடம் என்பது அலுவலகச் சுவருக்குள் மட்டும் அடங்குவதன்று. வேலை நிமித்தம் போகும் இடமும், நிறுவனம் ஏற்பாடு செய்த வண்டியும் அதில் சேரும். ஏலகிரிக்கோ புதுச்சேரிக்கோ குழுவோடு போகும் உலாவில் நடந்ததை "அது ஆபீஸ் இல்லையே" என்று யாரும் தள்ளிவிட முடியாது.

புகார் எழுத்தில், சம்பவம் நடந்த 3 மாதத்துக்குள் கொடுக்கப்பட வேண்டும். காரணம் இருந்தால் மேலும் 3 மாதம் வரை குழு நீட்டிக்கலாம். விசாரணை 90 நாளில் முடிய வேண்டும். அதற்கிடையில் உங்களுக்கோ புகாருக்கு உள்ளானவருக்கோ இடமாற்றமும், உங்களுக்கு 3 மாதம் வரை விடுப்பும் கேட்கலாம். "பேசித் தீத்துக்கலாமே" என்பது நீங்களாகக் கேட்டால் மட்டுமே நடக்கலாம், அதுவும் பணம் கொடுத்து முடிக்கக் கூடாது.

2017 பிப்ரவரியில், ஊபரிலிருந்து விலகிய சூசன் ஃபவுலர் என்ற பொறியாளர் தம் ஓராண்டு அனுபவத்தை எழுதி வெளியிட்டார். குழுவில் சேர்ந்த முதல் நாளே மேலாளர் அனுப்பிய செய்திகளை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அவர் ஹெச்.ஆரிடம் கொடுத்திருந்தார், இது அந்த மனிதரின் முதல் தவறு என்று சொல்லி விட்டுவிட்டார்கள். பிறகு மற்றப் பெண்களிடம் பேசியபோது, அவர்களில் சிலர் அதே மனிதரைப் பற்றி முன்பே புகார் செய்திருந்தது தெரிந்தது. அந்த ஜூனில் தலைமைச் செயல் அதிகாரி டிராவிஸ் கலானிக் பதவி விலகினார். நாம் யாரும் உலகத்துக்கு எழுதப்போவதில்லை. ஆனால் உங்களுக்கு வந்த செய்தியின் படத்தை உங்கள் சொந்தப் போனில் வைத்துக்கொள்வதும், நடந்த அன்றே தேதி, நேரம், இடம், உடன் இருந்தவர் என்று ஒரு நோட்டில் எழுதிக்கொள்வதும், பக்கத்து மேசைப் பெண்ணிடம் ஒரு முறை வாய்விட்டுக் கேட்பதும் எல்லாராலும் முடியும். நிறுவனத்தின் மென்பொருள் நிரலையோ வாடிக்கையாளர் விவரத்தையோ மட்டும் சொந்த மெயிலுக்கு அனுப்பிவிடாதீர்கள். பிறகு பேச்சு முழுவதும் அதைப் பற்றியதாக மாறிவிடும்.

விலகும்போது

நிறுவனம் ஆட்டம் காண்பதைச் சம்பள நாளுக்கு முன்பே பி.எஃப். பாஸ்புக் காட்டிக்கொடுத்துவிடும். ஒரு மாதத்தின் பி.எஃப். தொகை அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் கட்டப்பட வேண்டும். சம்பளத்தில் பிடித்துக்கொண்டு அங்கே கட்டாமல் இரண்டு மாதம் போனால், எத்தனை இனிமையாகப் பேசினாலும் வேறு வேலை தேடத் தொடங்குங்கள். என் முதல் நிறுவனத்தில் இதை நான் கவனித்தது மூன்றாவது மாதத்தில். அதற்குள் மருத்துவக் காப்பீடும் புதுப்பிக்கப்படாமல் போயிருந்தது.

ராஜினாமாவை நேரில் சொல்லுங்கள், ஆனால் நோட்டீஸ் பீரியட் தொடங்குவது மின்னஞ்சல் அனுப்பிய தேதியிலிருந்துதான். "போட்டி நிறுவனத்தில் ஓராண்டு சேரக் கூடாது" என்ற வரியைக் காட்டிப் பயமுறுத்தினால் கலங்க வேண்டாம். 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் 27ஆம் பிரிவின்படி, விலகிய பின் பிழைப்பைத் தடுக்கும் அத்தகைய உறுதிமொழி பொதுவாகச் செல்லாது. ரகசியம் காப்பது வேறு, அது செல்லும். அசல் சான்றிதழ்களைச் சேரும்போதே கொடுக்காமல் இருந்திருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

கடைசி நாளன்று லேப்டாப்பை ஒப்படைத்த நொடியில் மெயிலும் மூடப்படும். அதற்கு முன்பே சம்பளச் சீட்டுகள், முந்தைய ஆண்டுகளுக்கு வரி பிடித்ததற்கான சான்றிதழ்கள், ஈசாப் கிராண்ட் லெட்டர், இதுவரை சேர்ந்த ஆப்ஷன்களின் கணக்கு, அப்ரைசல் கடிதங்கள் எல்லாம் உங்கள் கைக்கு வந்திருக்க வேண்டும். ரிலீவிங் லெட்டர் எந்தத் தேதியில் வரும் என்பதையும் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். பி.எஃப். கணக்கில் நீங்கள் விலகிய தேதியை நிறுவனம் குறிக்காமல் விட்டால், கடைசித் தொகை கட்டப்பட்டு இரண்டு மாதம் ஆன பிறகு அதை நீங்களே இணையத்தில் குறித்துக்கொள்ளலாம். ஆதாரோடு இணைத்த போன் எண்ணுக்குத்தான் ஓ.டி.பி. வரும் என்பதால், நிறுவனம் கொடுத்த சிம்மை ஆதாரில் இணைத்திருந்தால் அதைத் திருப்பிக் கொடுக்கும் முன் மாற்றிவிடுங்கள்.